மூன்றாவது ஓலை வாசிப்பதற்கு முன்

மகனுக்கு,

உன் மூச்சு மெஷினை நேற்று மத்தியானம் பீரோவுக்கு மேலே கண்டுபிடித்தேன். கல்யாணத் துணி எடுத்த ஜவுளிக்கடைப் பைக்குள், பழைய போர்வை ஒன்றைச் சுற்றி, அதற்கும் மேலே செய்தித்தாளைப் பரப்பி, திருட்டுச் சாமானைப் பதுக்குவது போல் பதுக்கி வைத்திருக்கிறாய். தண்ணீர் ஊற்றும் டப்பா காய்ந்து கிடந்தது. முகத்தில் மாட்டும் மாஸ்க்கின் பட்டையில் தூசி. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்து பூட்டியவன் நான், எவ்வளவு தூசிக்கு எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். பத்து நாளாவது இருக்கும். உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் அரிசியில் கல் பொறுக்குவது போல் பாவனை செய்தாள். இரண்டாம் தரம் கேட்டதும், "கல்யாணத்துக்கு அப்புறம் அது இல்லாமதான தூங்கணும், அதுக்குப் பழகிக்கிறான்" என்றாள். இந்த அபாரமான யோசனை யாருடையது என்று கேட்கவே தேவையில்லை. உன் மாமாவுடையது.

இதை நேரில் பேசியிருக்கலாம். பேசினால் நான் கத்துவேன், நீ தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவாய், உன் அம்மா அழுவாள். இருபத்தெட்டு வருஷமாக நம் வீட்டில் பேச்சு என்றால் இதுதான். அதனால் எழுதுகிறேன். கவரை ஒட்டவில்லை. உன் அம்மா படிக்கட்டும், உன் மாமா வந்தால் அவரும் படிக்கட்டும். அவரைப் பற்றி இதில் நிறைய இருக்கிறது, படித்துச் சந்தோஷப்படுவார்.

மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இங்கே கடலூரில் நம் கோயிலிலும், சிதம்பரத்தில் ஜெனிட்டாவின் கோயிலிலும். உன் பெயர், அவள் பெயர், இரண்டு பேரின் அப்பா அம்மா பெயர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் முடிக்கிறார். சின்ன வயதிலிருந்து நூறு ஓலை கேட்டிருப்பேன். அந்தக் கடைசி வரி வரும்போது பெஞ்சில் யாராவது இருமுவார்கள், குழந்தை அழும், அத்தோடு சரி. போன ஞாயிறு அந்த வரி வந்தபோது நம் வரிசையைப் பார்த்தேன். உன் அம்மா ஜெபமாலையில் ஒரே மணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் மாமா சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துப் பார்த்து உள்ளே வைத்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர்கள் மூன்று பேர், ஒரே பெஞ்சில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. எங்களைவிடக் கேவலமான மூன்று பேர் அன்றைக்கு அந்தக் கோயிலில் இல்லை.

உன் வியாதி கல்யாணத்துக்குத் தடை இல்லை. சாமியாரிடம் போய்க் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார். ஆனால் மறைப்பது வேறு. உன் மாமாவுக்கு இந்த வித்தியாசம் புரியாது, அவருக்கு எதுதான் புரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன் நம் வீட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எனக்கு வகுப்பு எடுத்தார். "மொதல்ல தாலி ஏறட்டும் மச்சான், அப்புறம் எல்லாம் தானா சரியாப் போவும். புது மாப்பிள்ள மூஞ்சில தும்பிக்கை மாதிரி அத மாட்டிக்கிட்டுப் படுத்தா பொண்ணு பயந்துடும்" என்றார். தானாகச் சரியாகப் போகும் என்று அவர் சொன்னவை எல்லாம் என்ன கதியானது என்று நம் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டு மோட்டார் தானாகச் சரியாகவில்லை, அவர் பல்லும் தானாகச் சரியாகவில்லை. உன் மூளை மட்டும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சரியாகிவிடும் என்று நீ நம்புகிறாய். கழுத்துக்குப் பின்னால் ஆபரேஷன் தழும்பு இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டால் போச்சு என்றார். நீயும் முடி வளர்க்கிறாய். எட்டு வாரமாக சலூன் பக்கம் போகவில்லை என்பதைக் கவனித்தேன், கல்யாண ஸ்டைல் என்று நினைத்த முட்டாள் நான்.

அவரைத் திட்டுவது எனக்குச் சுலபம், சுகமாகவும் இருக்கிறது. ஆனால் மறைக்கும் வித்தையை உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அவர் இல்லை. ஒருவன் தூங்குவதை யாராவது பார்த்துவிட்டால் அவமானம் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

நீ எட்டாம் வகுப்பு படித்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நான் பி.டி. மாஸ்டர், நீ அதே பள்ளிக்கூடத்தில் மாணவன். காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசையில் நின்றபடியே கண் மூடி முன்னால் நின்ற பையன் மேல் சரிந்தாய். என் கையில் மைக் இருந்தது. "மகாராஜாவுக்கு இன்னும் பள்ளியெழுச்சி ஆவலியா?" என்றேன். மொத்தப் பள்ளிக்கூடமும் சிரித்தது. நானும் சிரித்தேன், நன்றாகச் சொல்லிவிட்டோம் என்ற பெருமையில். அன்றிலிருந்து உனக்கு மகாராஜா என்று பெயர் ஆனது. சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்தபோது அந்தப் பெயரும் உன்னோடு பஸ் ஏறி வந்தது. நிச்சயதார்த்தத்தன்று உன் பழைய சிநேகிதன் ஒருவன் பந்தலில் நின்று, "மகாராஜா, கிரீடம் எங்க?" என்று கூவினான். பெண் வீட்டார் அதைச் செல்லப் பெயர் என்று நினைத்து ரசித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இன்னும் இருக்கிறது. இருமினால் பின்னங்கழுத்து வலிக்கிறது என்பாய், சிரித்தால் வலிக்கிறது என்பாய், குனிந்தால் தலை வெடிக்கிற மாதிரி இருக்கிறது என்பாய். சோம்பேறிக்குச் சாக்கா கிடைக்காது என்று நான் உன்னை மைதானத்தைச் சுற்றி ஓட வைத்தேன், குனிந்து நிமிர வைத்தேன். எது உனக்கு அதிகம் வலித்ததோ அதைத் தேடித் தேடி வைத்தியமாகக் கொடுத்திருக்கிறேன். சர்க்கரை போட்ட டானிக் ஒரு வருஷம், கண்ணாடி ஒரு வருஷம். அப்புறம் உன் அம்மாவின் அக்காள் பேச்சைக் கேட்டு நெல்லிக்குப்பத்தில் தலையில் கை வைத்து ஜெபிக்கிறவர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். மடித்த வேட்டியும் கைக்கடிகாரமுமாக இருந்தார். உன்னை முட்டி போட வைத்து, உச்சந்தலையில் கையை வைத்து, பலம் கொண்ட மட்டும் கீழே அமுக்கினார். நீ அலறினாய். சோம்பல் ஆவி வெளியேறுகிறது என்றார் அந்த மகான். நான் பக்கத்தில் கை கட்டி நின்று ஆமென் சொன்னேன். டிகிரி படித்தவன், எலும்பும் தசையும் பாடமாகப் படித்தவன், ஆமென் சொன்னேன்.

ஒன்றில் மட்டும் எனக்கு எப்போதும் பெருமை. என் பையன் குறட்டை விட மாட்டான் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொள்வேன். தூங்குமூஞ்சியாக இருந்தாலும் தூங்குவது சத்தமில்லாத, சுத்தமான தூக்கம் என்பேன். அடுத்தவர் பிள்ளைகள் நூறு மீட்டர் ஓடுவதை ஸ்டாப்வாட்ச் பிடித்து நொடியின் பத்தில் ஒரு பங்குவரை அளந்தவன், அடுத்த கட்டிலில் என் பிள்ளையின் மூச்சு நின்று நின்று வருவதைப் பதினைந்து வருஷம் கேட்கவில்லை. சத்தம் இருந்தால்தான் கோளாறு என்று நினைத்த காது இது.

அதைக் கண்டுபிடிக்க முன்பின் தெரியாத ஒரு நர்ஸ் வர வேண்டியிருந்தது. பண்ருட்டியில் முந்திரி கம்பெனிக்கு நீ வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டாவது வருஷம். பலாப்பழ சீசன், ரோடெல்லாம் லாரி. வண்டியில் போய்க்கொண்டே கண் சொருகி, ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்பக்கம் மோதினாய். கால் எலும்பு முறிந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் முதலில் கேட்டது, "தூங்கிட்டியா?" என்றுதான். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. காலுக்கு ஆபரேஷன் முடிந்து, மயக்கம் தெளிவதற்காக உன்னைப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த நர்ஸ், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, உன் நெஞ்சையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு என்னிடம் வந்து, "சார், உங்க பையன் மூச்சு விட மறந்து மறந்து போறாரு. மயக்க மருந்துனால மட்டும்னு தோணல. வீட்லயும் இப்படித்தான் தூங்குவாரா?" என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அதைவிடக் கேவலமான பதில் ஒன்றை ஒரு அப்பன் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

அப்புறம் புதுச்சேரி. உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி உன்னைத் தூங்க வைத்துப் பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். கியாரி என்று பெயர் சொன்னார். "சிறுமூளையோட அடிப்பாகம் மண்டையோட்டுல இருக்கிற துவாரத்து வழியா கழுத்துக்குள்ள எறங்கியிருக்கு. மூச்சு விடச் சொல்ற எடம் அங்கதான் இருக்கு, அத அமுக்குது. முழிச்சிருக்கிறப்ப சமாளிச்சுக்குது. தூங்கினா மூளைகிட்டருந்து மூச்சு விடுன்னு உத்தரவு வர்றதில்ல" என்றார். மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பு பதறி உன்னை அரைகுறையாக எழுப்பிவிடுகிறதாம், அதனால் இரவு பூராவும் படுத்திருந்தும் நீ தூங்கியதே இல்லையாம். உனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அத்தனை வருஷமும் தூங்காதவனைத்தான் நான் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டிருக்கிறேன். நான் ஓட வைத்ததால் வந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். இல்லை, பிறவியிலேயே அப்படி அமைந்தது என்றார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிள்ளையின் மூளைப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, பழி என் மேல் விழவில்லை என்று ஆறுதல் பட்ட ஜென்மம் நான். இதையும் நீ தெரிந்துகொள்.

ஆபரேஷன் நடந்தது. பின்மண்டை எலும்பில் கொஞ்சம் எடுத்து மூளைக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்கள், தலைவலி விட்டது, இருமினால் வலிப்பது நின்றது. மூச்சு பாதிதான் சரியானது. மீதிக்கு மெஷின். மூளை மறக்கும்போது அது ஞாபகமாகக் காற்றை அனுப்பும், தினமும் மாட்ட வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். நாலு வருஷம் ஒழுங்காக மாட்டினாய். அந்த நாலு வருஷத்தில்தான் நீ முழு மனுஷனாக எங்களுக்குக் கிடைத்தாய். காலையில் நீ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பல் தேய்ப்பாய் என்பதே எங்களுக்கு அதற்கு முன் தெரியாது.

இப்போது பத்து நாளாக அதை விட்டுவிட்டுப் பழகுகிறாயாம். எதற்குப் பழகுவது? மூச்சு இல்லாமல் இருப்பதற்கா? போன சனிக்கிழமை சிதம்பரத்தில் திருமணத் தயாரிப்பு வகுப்பில் உன் பழக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். பத்திரிகைக் கட்டைக் கொடுக்க வந்த நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். கணவன் மனைவிக்குள் ஒளிவுமறைவு கூடாது என்று முன்னால் ஒருவர் விளக்கிக்கொண்டிருக்க, நீ வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாய். ஜெனிட்டா உன் முழங்கையை மெதுவாக இடித்துக்கொண்டே இருந்தாள். யாருக்கும் தெரியாமல் இடித்தாள், உனக்கு அவமானம் வந்துவிடக் கூடாது என்று. நான் மைக் பிடித்துச் செய்ததையும் அவள் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

வகுப்பு முடிந்ததும் அவள் என்னிடம் தனியாக வந்தாள். நீ கை கழுவப் போயிருந்தாய். "மாமா, அவருக்கு ஒடம்புக்கு எதாவது இருக்கா? கண்ணெல்லாம் செவந்திருக்கு. எங்கிட்ட சொல்லலாம் மாமா, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றாள். இதற்கு மேல் ஒரு பெண் எப்படிக் கேட்பாள்? கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒன்னுமில்லம்மா, கல்யாண வேல ஜாஸ்தி, அதான்" என்றேன். உன் மாமாவே தோற்றுப்போகும் அளவுக்குச் சரளமாகச் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டினாள். நம்பவில்லை, மரியாதைக்கு நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்கள் யாரிடமும் சொல்லாமல் சிதம்பரம் பஸ் ஏறினேன். அவள் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனேன். அங்கே ஒரு பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். பாதிக் காரணம் பயம், அதை மறைக்கவில்லை. மீதிப் பாதி, அந்தக் கடையில் நின்றபோது எனக்கு உறைத்தது. உன் தூக்கத்தைப் பற்றி உன்னைக் கேட்காமல் ஒரு தடவை நான் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது தடவையும் அதையே செய்தால், இந்தத் தடவை நல்ல காரியத்துக்குச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் நான் அதே ஆள்தான். உன் உடம்பு, உன் மூளை, உன் மூச்சு. அதைப் பற்றி நீதான் பேச வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு அறுபத்திரண்டு வயது ஆகியிருக்கிறது.

அதனால் நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. சனிக்கிழமை காலையில் கிளம்பு. மெஷினைத் துடைத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன், பட்டையைத் தோய்த்துக் காயவைத்துவிட்டேன். அதைத் தூக்கிக்கொண்டு போ. போனில் சொல்லாதே, அது உன் மாமா செய்கிற வேலை. அவள் எதிரில், அவள் அப்பா அம்மா எதிரில் அதைப் பிளக்கில் மாட்டு, முகத்தில் போட்டுக் காட்டு, தழும்பையும் காட்டு. சிரித்தால் சிரிக்கட்டும். சனிக்கிழமைக்குள் நீ சொல்லவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிக்கும்போது நான் கோயிலுக்குள் இருக்க மாட்டேன். அந்தப் பெஞ்சில் மூன்றாவது தடவை கட்டைவிரலைப் பார்த்து நிற்க என்னால் ஆகாது. மாப்பிள்ளையின் அப்பா எங்கே என்று கேட்பவர்களுக்கு உன் மாமாவைப் பதில் சொல்லச் சொல், அவருக்குத்தான் வாய் இருக்கிறதே.

வேண்டாம் என்று அவர்கள் சொல்லலாம். சொன்னால் அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அப்படி ஆனால், பத்திரிகை வைத்த ஒவ்வொரு வீட்டுப் படியும் நானே ஏறி இறங்குகிறேன். பெண் வீட்டார்மேல் ஒரு சொல் விழ விடமாட்டேன். நாங்கள் மறைத்தோம், அதனால் நின்றது என்று என் வாயாலேயே சொல்வேன். திட்டக்குடியில் இருக்கும் என் அண்ணன் குடும்பம் உட்பட அத்தனை பேர் ஏளனத்தையும் வாங்கிக்கொள்வேன். நீ அதில் ஒரு வீட்டுக்கும் வர வேண்டாம். இவ்வளவு காலம் உன்னை நாலு பேர் எதிரில் நிறுத்தியதற்கு, ஒரு தடவை நான் போய் நிற்கிறேன். ஆனால் அவள் வேண்டாம் என்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. முழங்கையை அப்படி இடிக்கத் தெரிந்தவளுக்கு மெஷின் ஒரு பெரிய விஷயமில்லை.

மெஷினைப் பார்த்து அவள் பயந்துவிடுவாள் என்று உனக்கு யோசனை சொல்கிறவர்கள் எல்லாம் கல்யாணத்தன்று பிரியாணி சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நானும் உன் அம்மாவும்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவோம். அப்புறம் உன் பக்கத்தில் இருக்கப் போவது அவள் ஒருத்திதான். நீ சொல்லாமல் விட்டால், உன் நெஞ்சு ஏறி இறங்காமல் கிடக்கும் நேரத்தில் அவள் உன்னைத் திரும்பிப் பார்ப்பாள். பாவம், அசந்து தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று போர்வையை இழுத்துவிட்டு விளக்கை அணைப்பாள்.

அப்பா